பஸ்ஸாவ் முதல் வியன்னா வரை: குழுவாகச் சைக்கிளில் புறப்படும் முன்

டான்யூப், இன், இல்ஸ் என்ற மூன்று ஆறுகள் கூடும் ஜெர்மானிய நகரம் பஸ்ஸாவ். அங்கிருந்து டான்யூப் கரையோடு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை உண்டு. அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து கருங்கடல் வரை நீளும் யூரோவெலோ 6 நெடும்பாதையின் ஒரு பகுதி இது. ஆற்றின் போக்கிலேயே செல்வதால் பெரிய ஏற்றங்கள் இல்லை. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசி முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். முதன்முறையாக வெளிநாட்டில் குழுவாக ஓட்டப்போகிறவர்களுக்கு இந்தப் பாதையைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் எட்டுப் பேரை ஒரே நாளில், ஒரே ஊரில், ஓட்டத் தகுந்த சைக்கிளோடு கொண்டுவந்து நிறுத்துவது பாதையைப் போல எளிதன்று.

முதலில் நாள் கணக்கு. குழுவில் நன்றாக ஓட்டுகிற ஒருவர், பஸ்ஸாவிலிருந்து லின்ஸ் வரையிலான சுமார் 100 கிலோமீட்டரை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பார். அவர் பேச்சை வைத்துத் திட்டம் போடாதீர்கள். எல்லாரிலும் மெதுவாக ஓட்டுபவர், பையைக் கட்டிக்கொண்டு, அடுத்தடுத்து இரண்டு நாள் சோர்ந்துபோகாமல் எவ்வளவு தூரம் ஓட்டுகிறாரோ, அதுவே குழுவின் ஒரு நாள் தூரம். இதை ஊரிலேயே ஒரு சனி, ஞாயிறில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் அளவில் வைத்துக்கொண்டால் ஷ்லோகன், லின்ஸ், கிரைன், மெல்க், கிரெம்ஸ், டுல்ன் ஆகிய ஊர்களில் தங்கி ஏழாம் நாள் வியன்னாவை அடையலாம். மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை தூரம் குறைவுதான் என்றாலும் அதை வேறொரு நாளோடு சேர்த்துவிட வேண்டாம். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வாஹாவ் பள்ளத்தாக்கு அதுவே, திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆப்ரிகாட் மரங்களுக்கும் நடுவே ஓட்டும்போது யாரும் வேகமாகப் போக விரும்ப மாட்டார்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு, ஜெர்மனி, ஆஸ்திரியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவை. மியூனிக்கில் இறங்கி ரயிலில் பஸ்ஸாவ் சென்றாலும், அதிக நாள் தங்குவது ஆஸ்திரியாவில் என்பதால் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்குத்தான் செல்ல வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது ஏற்க மாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் வேண்டும். எல்லாரும் ஒரே பயணத் திட்டத்தையும் ஒரே தங்குமிட முன்பதிவுகளையும் இணைப்பது நல்லது. ஒருவருக்கு விசா கிடைக்காமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வது என்பதையும், அவர் பங்குப் பணத்தை எப்படித் தீர்ப்பது என்பதையும், விண்ணப்பிக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சைக்கிளை வாடகைக்கு எடுப்பதே என் யோசனை. பஸ்ஸாவில் எடுத்து வியன்னாவில் ஒப்படைக்கும் வசதி உண்டு. பெட்டிகளை விடுதிக்கு விடுதி கொண்டுசேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சொந்தச் சைக்கிள்தான் வேண்டும் என்றால், பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, டயர்க் காற்றைக் குறைத்து அட்டைப் பெட்டியில் கட்ட வேண்டும். விமான நிறுவனத்திடமும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மின்சைக்கிள் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். வாடகைச் சைக்கிள் எடுப்பவர்களும் பழகிய சீட்டை மட்டும் கையோடு கொண்டுபோகலாம், அல்லது பெடலிலிருந்து சீட் வரையிலான உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளலாம். பஞ்சு வைத்த சைக்கிள் அரைக்கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக் கூடாது என்பதைக் கூச்சப்படாமல் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் உட்கார முடியாமல் போவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம்.

குழுவுக்கு முன்னே வழிகாட்டும் ஒருவரும், எவரையும் பின்னால் விடாமல் கடைசியில் வரும் ஒருவரும் வேண்டும். பஞ்சர் ஒட்டும் பொருள்களும் பம்பும் கடைசி ஆளிடமே இருக்கட்டும், ஏனெனில் பழுதாகி நிற்பவரை அவர்தான் வந்தடைவார். டான்யூபின் பெரும்பகுதியில் இரு கரைகளிலும் பாதை இருப்பது வசதிதான். அதுவே குழுவைப் பிரித்தும் விடும். எதிர்க்கரையில் நிற்கும் நண்பரைக் கண்ணால் பார்க்கலாம், ஆனால் பாலமோ படகோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே அன்று எந்தக் கரை, எந்த ஊரில் அக்கரைக்கு மாறுவது, எங்கே கூடுவது என்பவற்றைக் காலை உணவின்போதே முடிவு செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வைப்பது அவசியம், சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் அவசியம். அவசர உதவி எண் 112.

விமானத்திலிருந்து இறங்கிய அன்றே ஓட்டத் தொடங்க வேண்டாம். ஓர் இரவு பஸ்ஸாவில் தூங்கி எழுந்து, காலையில் வாகனமில்லாத இடத்தில் சிறிது ஓட்டிப் பாருங்கள். எந்தக் கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கிறது என்று சோதியுங்கள், அது உங்கள் பழக்கத்துக்கு நேர்மாறாக இருக்கக்கூடும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேர்ச்சாலையில் நினைவிருப்பது, ஓய்வெடுத்துவிட்டு மீண்டும் ஏறும்போது மறந்துபோகும். புறப்பட்டு ஐந்து கிலோமீட்டரில் எல்லாரும் ஒருமுறை நின்று, சீட் உயரத்தையும் பைகளின் கட்டையும் சரிபார்த்த பிறகே அடுத்த நிறுத்தத்துக்குச் செல்லுங்கள்.