கேமேப்பை எடுத்துவிட்டு லோக்கல் போடும்போது சறுக்கும் இடங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடிக்கு நாலைந்து பேர் லினக்ஸ் கர்னலுக்குப் பேட்ச் எழுதப் பழக வருகிறார்கள். தட்டுவடை செட் தீருவதற்குள் எல்லாரும் கை வைப்பது ஃபைல்சிஸ்டம் கோடில் மிச்சமிருக்கும் பழைய கேமேப் அழைப்புகளில்தான். மெமரியின் ஒரு துண்டை (பேஜ்) கர்னல் தொடுவதற்கு முகவரி வாங்கித் தருவது கேமேப்; அதை எடுத்துவிட்டுப் புதிய கேமேப்_லோக்கல்_பேஜைப் போடுவதுதான் வேலை. நான் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுகிறார்கள். மேப்பை அவிழ்க்கும் கேஅன்மேப்_லோக்கலுக்கு முகவரிக்குப் பதில் பேஜைக் கொடுத்தால் கம்பைலரே திட்டிவிடும், அதை விடுங்கள்.

முகவரியை இன்னொரு த்ரெட்டிடம் நீட்டுவது

பழைய கேமேப் தரும் முகவரி கர்னல் முழுக்கச் செல்லும். ஒரு த்ரெட் மேப் செய்ய, இன்னொன்று அன்மேப் செய்யலாம். அதற்கு விலையும் உண்டு: பிஏஇ (4 ஜிபிக்கு மேல் ராமை எட்டும் வசதி) போட்ட 32-பிட் எக்ஸ்86-இல் மொத்தமே 512 இடம், தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். 2021-இல் 5.11-உடன் வந்த கேமேப்_லோக்கல்_பேஜில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த முகவரி மேப் செய்த த்ரெட்டுக்கு மட்டும்தான். அந்த த்ரெட் சிபியுவை விட்டு இறங்கினால் மேப்பிங்கும் கூடவே கழன்றுவிடும். திரும்பி ஏறும்போது மாட்டப்படும்.

இது தெரியாமல் ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு வேலை செய்தேன். 1 ஜிபி ராம், 32-பிட் ஏஆர்எம் போர்டு. ரீட் ஃபங்ஷனில் மேப் செய்து, முகவரியை ஒரு ஸ்ட்ரக்டில் போட்டு, வேறு த்ரெட் பிறகு எடுத்துச் செய்யும் வேலை வரிசையான வொர்க்க்யூவுக்குத் தள்ளினேன். என் லேப்டாப்பில் மூன்று வாரம் பிசகில்லை. பிசகாது. 64-பிட்டில் ஹைமெம் (கர்னலிடம் நிரந்தர முகவரி இல்லாத ராம்) கிடையாது, லோக்கல் மேப் பேஜின் நிரந்தர முகவரியையே எடுத்துக் கொடுத்துவிடும். அந்தப் போர்டிலோ சுமார் 760 எம்பிக்கு மேல் எல்லாம் ஹைமெம்.

அதிர்ஷ்டம் இருந்தால் ஊப்ஸ் (கர்னலின் பிழை அறிக்கை) வரும். எனக்கு வரவில்லை, அதே இடத்தில் வேறு பேஜ் உட்கார்ந்திருந்தது. “ஏங்க, அடுப்புச் சூடு 3 டிகிரின்னு காட்டுது, ஐஸ்லயா வறுக்கறோம்?” என்றார் முதலாளி. மெமரி கார்டைச் சந்தேகித்து இரண்டு முறை மாற்றினேன். மூன்று முறை ஆத்தூர் பஸ் ஏறினேன். இன்றும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

முகவரியை அல்ல, பேஜை அனுப்புங்கள், அது நடுவில் விடுவிக்கப்படாமல் இருக்க அதன் ரெஃபரன்ஸைப் பிடித்துக்கொண்டு. வேலை செய்யும் த்ரெட் தானே மேப் செய்துகொள்ளட்டும். டெஸ்ட் கர்னலில் டீபக்_கேமேப்_லோக்கல்_ஃபோர்ஸ்_மேப் என்ற கன்ஃபிக் ஆப்ஷனைப் போட்டால், 64-பிட் எக்ஸ்86-லும் தற்காலிக மேப்பிங் நடந்து குட்டு வெளிப்படும்.

இரண்டு பேஜ் திறந்திருந்தால்

கடைசியில் மேப் செய்ததை முதலில் அவிழுங்கள். ரீநேம் கோடில் பிழை வந்து goto வழியாக வெளியேறும் இடத்தில்தான் எல்லாரும் வரிசையைக் குழப்புகிறார்கள்.

நகர்ந்த பாயிண்டர்

டைரக்டரி என்ட்ரிகளில் நடந்து பேஜ் முடிவைத் தாண்டிய பாயிண்டரை அன்மேப்புக்குக் கொடுக்காதீர்கள். ஆரம்ப முகவரியைத் தனியே வையுங்கள்.

கேமேப்_அடாமிக்

இதுவும் ஒரு பழைய மேப் அழைப்பு. அது பேஜ் ஃபால்ட்டையும் (இல்லாத பேஜைக் கொண்டுவருவது) பிரியெம்ப்ஷனையும் (த்ரெட்டை நடுவில் இறக்குவது) சத்தமில்லாமல் நிறுத்தும். லோக்கல் நிறுத்தாது. கோடு அதை நம்பியிருந்தால் அந்த நிறுத்தத்தை நீங்களே எழுத வேண்டும்.

மேப், காப்பி, அன்மேப்

இந்த மூன்றையும் ஒரே அழைப்பில் செய்ய மெம்காப்பி_ஃப்ரம்_பேஜ் இருக்கிறது.

ஃபோலியோ

ஹைமெமில் ஒரு பேஜ்தான் மேப் ஆகும், முழு ஃபோலியோ (ஒன்றாகக் கையாளப்படும் பேஜ் தொகுப்பு) இல்லை.