சிக்குன்குனியாவும் செத்துப்போன ரிமோட்டும்

போன ஐப்பசி மழையில் எனக்குச் சிக்குன்குனியா. காய்ச்சல் நாலு நாளில் இறங்கிவிட்டது, மூட்டுவலிதான் விடவில்லை. பாளையங்கோட்டை வீட்டில் டிவிதான் துணை. அந்த நேரம் பார்த்து ரிமோட் செத்தது. புது பேட்டரி போட்டாச்சு, தொடையில் தட்டியாச்சு, ம்ஹூம். சேனல் மாற்ற ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்து எழுந்து போவது பெரும்பாடு.

ரத்தப் பரிசோதனைக்காக வண்ணார்பேட்டையில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு அண்ணாச்சி. கடையத்துக்காரராம். பேச்சுவாக்கில் புலம்பினேன்.

"செல்போன் கேமராவை ரிமோட் மூக்குக்கு நேரா வச்சு பட்டனை அமுக்கிப் பாருங்க. ஊதாவா மினுங்குச்சுன்னா கோளாறு டிவியில. மினுங்கலன்னா ரிமோட்டுல" என்றார். ரிமோட் டிவிக்கு அனுப்பும் அகச்சிவப்புக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். சில போன்களில் பின்கேமரா அந்தக் கதிரை வடிகட்டிவிடும் என்பதால் செல்ஃபி கேமராவிலும் பார்த்தேன். இருட்டுதான். சரி, ரிமோட்டேதான்.

பேட்டரி அறையை டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால், சுருள்கம்பியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பழைய அல்கலைன் பேட்டரி கசிந்த காரம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டு வைத்தேன். சுர்ரென்று நுரைத்துக் கரைந்தது. (கையுறை போடுங்கள், அந்தப் பொடி தோலுக்கு ஆகாது.) ஈரத்துணியால் துடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, கம்பியை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன்.

காலையில் மறுபடி கேமரா. ஊதா மினுங்கியது.

அண்ணாச்சி பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். விரல்வலி மட்டும் தை வரை இருந்தது.