இரண்டாம் பாகம் தேறுமா? ஸ்லாஷர் படத்தை எடைபோடும் முறை

ஸ்லாஷர் என்றால், ஒரு கொலையாளி ஆட்களை ஒவ்வொருவராகத் துரத்திக் கொல்லும் திகில் படம். அதன் இரண்டாம் பாகத்தை முதல் பாகத்தோடு ஒப்பிடும்போது, பிணங்களை எண்ணித் தீர்ப்புச் சொல்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. இரண்டாம் பாகத்தில் பிணம் கூடத்தான் செய்யும். 1978இல் வந்த 'ஹாலோவீன்' படத்தில் சாவது ஐந்தே பேர். தொடக்கக் கொலைக்குப் பிறகு, கண்முன் நடக்கும் அடுத்த கொலை பாதிப் படம் தாண்டித்தான் வருகிறது. நடுவில் இருப்பதெல்லாம் காத்திருப்பு. அளக்க வேண்டியது அதைத்தான். (கீழே சில முடிச்சுகள் அவிழும், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

முதல் பாகத்தை முந்தின நாளே மறுபடி பாருங்கள். பழைய நினைவை நம்பி ஒப்பிட்டால், பார்க்காத ரத்தத்தையெல்லாம் பார்த்ததாகச் சொல்வோம். பிறகு இரண்டு படங்களிலும் படத்துக்கு மூன்று நல்ல காட்சிகளை எடுத்துக்கொண்டு ஸ்டாப்வாட்ச்சை ஓட விடுங்கள். கொலையாளி அங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரிந்த நொடியில் தொடங்கி, கத்தி இறங்கும்வரை அல்லது ஆள் தப்பும்வரை எத்தனை நொடி? முதல் பாகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தது, அடுத்ததில் பத்துப் பதினைந்து நொடியில் முடிந்தால் அங்கே பயம் இல்லை, திடுக்கிடல்தான் இருக்கிறது.

நீளம் மட்டும் போதாது. அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டவர் புத்தியோடு ஏதாவது செய்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். 'ஸ்க்ரீம் 2' (1997) படத்தின் கார் காட்சி இதற்கு நல்ல பாடம். விபத்தில் மோதி நின்ற போலீஸ் காரின் பின்சீட்டில் இரண்டு பெண்கள். பின்கதவு உள்ளிருந்து திறக்காது. முன்சீட்டில் முகமூடிக்காரன் மயங்கிக் கிடக்கிறான். வெளியே போக ஒரே வழி, அவன்மேல் ஏறித் தாண்டி முன்ஜன்னல் வழியாக. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே பல்லைக் கடிக்க வைக்கும் காட்சி அது. ஒரு தொடர்ச்சிப் படத்தில் இப்படி ஒன்று இருந்தாலே பாதி மதிப்பெண் போட்டுவிடலாம்.

அடுத்தது விதி. கொலையாளி எங்கே, எப்படி, யாரைக் கொல்வான் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' (1984) என்றால், 'தூங்கினால் கனவில் வந்து கொல்வான்'. 1985இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் நனவுலகில், நீச்சல்குள விருந்துக்கே வந்து நிற்கிறான். அப்புறம் தூக்கத்துக்கு எதற்குப் பயப்படுவது? 1987இல் வந்த மூன்றாம் பாகம் விதியை உடைக்கவில்லை, நீட்டியது: பலர் சேர்ந்து ஒரே கனவுக்குள் போகிறார்கள். இந்த மூன்றாம் பாகம் இன்றும் நிற்பதற்கு அதுவே முக்கியக் காரணம்.

விளக்கம் கொடுத்துக் கெடுப்பதும் உண்டு. 'ஹாலோவீன் 2' (1981) நாயகியைக் கொலையாளியின் தங்கையாக்கியது. அதுவரை அவன் யார் வீட்டு வாசலிலும் வந்து நிற்கலாம். அந்த நிமிடத்திலிருந்து அது குடும்ப விவகாரம். 2018இல் வந்த 'ஹாலோவீன்' படம் அந்த உறவையே தூக்கிப் போட்டுவிட்டு 1978இலிருந்து தொடங்கியது சும்மா இல்லை.

பிழைத்தவர் திரும்பி வந்தால், பட்டது அவரை மாற்றியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தின படத்தில் கற்ற பாடத்தை மறந்து, தனியாக இருட்டு அறைக்குள் நுழைகிறார் என்றால் எழுதியவர் சோம்பேறி.

ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். கவனம்: அதில் முதல் 'ஹாலோவீன்' படமே தோற்கும், அதன் பயத்தில் பெரும்பங்கு, படத்தை இயக்கிய ஜான் கார்ப்பென்டரே போட்ட இசை. அதற்குப் பதில், இசை எப்போது நுழைகிறது என்று கேளுங்கள். ஆபத்துக்கு முன்பே வந்து ஊறினால் நல்லது. கை தோளில் விழும் நொடியில் மட்டும் இடித்தால் மலிவு.

ஒரு சலுகை தந்தே ஆக வேண்டும். கொலையாளி யார் என்ற அதிர்ச்சியைப் பெரும்பாலும் இரண்டாம் முறை தர முடியாது, அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' (1980) படத்தில் கொல்வது, அந்தத் தொடரின் அடையாளமாகிவிட்ட கொலையாளி ஜேசன் அல்ல, அவன் அம்மா. 1981இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் தலையில் சாக்குத் துணி. புகழ்பெற்ற ஹாக்கி முகமூடி 1982இன் மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. 'முகமூடி ஜேசன் வந்த முதல் படம் மாதிரி வருமா' என்று சொல்பவரின் ஒப்பீட்டை அங்கேயே ஓரம் கட்டலாம்.