டிஆர்பிடில ஓடுற விஎம்முக்கு டிஸ்க் பெருசாக்குறது எப்படி?

கேவிஎம்ல (லினக்ஸ்ல விர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம், ஓட்டுறது) ஒரு விஎம் ஓடுது, அதோட டிஸ்க் எல்விஎம் (டிஸ்க் இடத்த வால்யூமா பிரிச்சுத் தர்றது) மேல டிஆர்பிடி (டிஸ்க்க நெட்வொர்க் வழியா இன்னொரு சர்வருக்கும் அப்படியே காப்பி பண்றது) போட்டு ரெண்டு நோடுக்கு, அதாவது சர்வருக்கு, நடுவுல ரெப்ளிகேட் ஆயிட்டு இருக்கு, இப்போ 100 ஜிபி பத்தல, 150 வேணும்னு வைங்க. விஎம்ம நிறுத்தாமலே பண்ணிடலாம். ஆனா வரிசை மாறக்கூடாது, அடியில இருந்து மேல வரணும்: ரெண்டு நோட்லயும் எல்வி (எல்விஎம் வால்யூம்), அப்புறம் டிஆர்பிடி, அப்புறம் விஎம், கடைசியா உள்ள இருக்கிற ஃபைல்சிஸ்டம்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேக்கப் எடுத்துடுங்க, ரெப்ளிகா இருக்கேன்னு விட்டுடாதீங்க ப்ளீஸ், இந்தப் பக்கம் தப்பா அழிச்சா அந்தப் பக்கமும் சேர்ந்தே அழியும். டிஆர்பிடி ஸ்டேட்டஸ்ல ரெண்டு நோடும் கனெக்ட் ஆகி அப்டுடேட்னு காட்டுதா, ரெண்டு பக்கமும் வால்யூம் குரூப்ல (எல்விக்கு இடம் எடுக்கிற மொத்த பூல்) இடம் இருக்கா, இதையும் பாத்துக்கோங்க.

இப்போ ரெண்டு நோட்லயும் எல்விய வளக்கிற எல்விஎக்ஸ்டெண்ட் கமாண்ட். கூட 50 ஜிபின்னு ப்ளஸ் போட்டு குடுக்காம நேரா 150ன்னே குடுங்க, ப்ளஸ் போட்டா தெரியாம ரெண்டு தடவை அடிச்சாலும் ரெண்டு தடவையும் வளந்துடும், அப்புறம் ரெண்டு நோடும் வேற வேற சைஸ்ல நிக்கும். டிஆர்பிடி ரெண்டுல எது சின்னதோ அந்த அளவைத்தான் எடுத்துக்கும், அதனால ஒரு பக்கம் மட்டும் பெருசாக்கி பிரயோஜனமே இல்ல. இன்னொண்ணு, டிஆர்பிடி ரிசோர்ஸ (ரெப்ளிகேட் ஆகுற இந்த டிஸ்க்க) டவுன் பண்ணி வச்சுட்டு எல்விய பெருசாக்காதீங்க. இன்டர்னல் மெட்டாடேட்டா (டிஆர்பிடி தன்னோட கணக்க அதே டிஸ்க்லயே எழுதி வைக்கிறது) வச்சிருந்தா அது டிஸ்க்கோட கடைசிலதான் உக்காந்திருக்கும், ஓடிட்டு இருக்கும்போது பண்ணா டிஆர்பிடியே அத புது கடைசிக்கு நகத்திக்கும், டவுன்ல பண்ணா நீங்கதான் போராடணும்.

ரெண்டு பக்கமும் ஆச்சுன்னா பிரைமரில (விஎம் ஓடுற நோடு) டிஆர்பிடிஅட்ம் ரிசைஸ் கமாண்ட் குடுங்க. புதுசா வந்த 50 ஜிபிய அந்தப் பக்கத்துக்கு சிங்க் பண்ண ஆரம்பிக்கும், 1 கிகாபிட் லிங்க்ல ஏழு நிமிஷத்துக்குக் குறையாது. அஸ்யூம் க்ளீன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அது இந்த சிங்க்கையே தவிர்த்துடும், ஆனா பின்னாடி வெரிஃபை (ரெண்டு பக்க டேட்டாவையும் ஒப்பிட்டுப் பாக்குறது) ஓட்டினா அந்தப் பகுதி ஒத்துப்போகலன்னு சொல்லும், அதனால டெரா கணக்குல வளத்தா ஒழிய சிங்க் ஆக விட்டுடுறதுதான் நல்லதுன்னு நான் சொல்வேன்.

நிறைய பேரு மாட்டுறது அடுத்த ஸ்டெப்லதான். விஎம்முக்கு புது சைஸ சொல்ல விர்ஷ் பிளாக்ரிசைஸ் கமாண்ட் குடுக்கணும், அங்க 150ஜின்னு அடிச்சா எரர் வரும். ஏன்னா மெட்டாடேட்டா கொஞ்சம் இடத்தை எடுத்துக்குது, 1 டிபிக்கு 32 எம்பி மாதிரி, நம்ம 150 ஜிபிக்கு சுமாரா 5 எம்பி, ஆக டிஆர்பிடி டிவைஸ் எல்விய விட ஒரு துளி சின்னது. பிளாக்டெவ் கமாண்ட் வச்சு டிஆர்பிடி டிவைஸோட சைஸ பைட்ல எடுத்து, அந்த நம்பரை அப்படியே போட்டு பின்னாடி ஒரு பி சேத்துடுங்க, பி போடலன்னா கிலோபைட்னு நெனச்சுக்கும்.

விஎம் உள்ள வழக்கமான வேலைதான், க்ரோபார்ட் போட்டு பார்ட்டிஷன வளத்துட்டு, இஎக்ஸ்டி4னா ரிசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ்னா அதோட க்ரோஎஃப்எஸ், உள்ளயும் எல்விஎம் இருந்தா நடுவுல பிவிரிசைஸும் எல்விஎக்ஸ்டெண்டும்.

டிஎஃப்ல (விஎம் உள்ள இடம் எவ்வளவுன்னு காட்டுற கமாண்ட்) சுமாரா 150 பாத்ததும் மூடிட்டுப் போயிடாதீங்க, செகண்டரிக்கும் (இன்னொரு நோடு) போய்ப் பாருங்க. அங்க டிஆர்பிடி டிவைஸ திறக்க விடாது, பிளாக்டெவ் எரர் அடிக்கும், ஆனா ப்ராக் பார்ட்டிஷன்ஸ் ஃபைல்ல சைஸ் தெரியும், அது பிரைமரில இருக்கிறதோட அச்சு அசலா ஒத்துப்போகணும். சிங்க் முடிஞ்சு ரெண்டும் அப்டுடேட் ஆனப்புறம், டவுன்டைம் கிடைக்கிற ஒரு ராத்திரில விஎம்ம ஷட்டவுன் பண்ணி அந்த நோட்ல பிரைமரியாக்கி ஒரு தடவை பூட் பண்ணிப் பாத்துடுங்க.