துருக்கியின் சிக்கனச் சண்டைப் படங்கள்: பார்க்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய துருக்கியச் சண்டைப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒரு கிளிப்பை நீட்டுவார்கள். ரப்பர் ஆக்டோபஸோடு கட்டிப் புரளும் வீரன், பஞ்சு உடை போட்ட பூதங்கள், ஒரே அடியில் பறந்து விழும் பத்துப் பேர். பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். எனக்கு இந்தப் படங்கள் மேல் உண்மையான பிரியம் உண்டு. ‘எவ்வளவு மோசம் பாருங்கள்’ என்பதிலிருந்து வந்த பிரியம் இல்லை அது. இவற்றை எடுத்தவர்கள் கையில் காசு இல்லை, பிலிம் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் தொழில் தெரியும், கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன வேண்டும் என்பதும் தெரியும். அதைப் பார்க்க விடாமல் செய்கிற சில பழக்கங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தொடங்குவதே ‘துருக்கிய ஸ்டார் வார்ஸ்’ என்று தொடங்குவது

1982-ல் செத்தின் இனான்ச் இயக்கிய ‘துன்யாயி குர்த்தாரன் ஆதம்’, அதாவது ‘உலகைக் காப்பாற்றிய மனிதன்’, உலகம் முழுக்க ‘துருக்கிய ஸ்டார் வார்ஸ்’ என்ற பெயரில்தான் சுற்றுகிறது. அந்தப் பெயரை நம்பிப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். கதைக்கும் ஸ்டார் வார்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு விண்வெளி வீரர்கள் ஒரு பாலைக் கிரகத்தில் வந்து விழுகிறார்கள். அங்கே ஆட்சி செய்யும் மந்திரவாதியை எதிர்த்துச் சண்டை போடுகிறார்கள். ஸ்டார் வார்ஸிலிருந்து எடுத்தது விண்வெளிக் காட்சித் துண்டுகளை மட்டும்தான்.

அந்தத் துண்டுகளைப் பயன்படுத்திய விதத்தைக் கவனித்துப் பாருங்கள். கதாநாயகன் விமானி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். பின்னால் ஒரு திரையில் ஸ்டார் வார்ஸ் சண்டைக் காட்சி ஓடுகிறது, அவ்வளவுதான் விண்கலம். பின்திரையில் ஷாட் மாறும்போதெல்லாம் இவருடைய கலமும் திடீரென்று திசை மாறிப் பறக்கிறது. பின்னணியில் இந்தியானா ஜோன்ஸ் படத்து இசை. அப்புறம் கிரகத்தில் இறங்கியதும் படத்தின் தொனியே மாறிவிடுகிறது. மத்தியத் துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவின் கூம்புப் பாறைகள்தான் அந்தக் கிரகம்; அதற்கு எந்தச் செட்டும் தேவைப்படவில்லை. கதாநாயகனாக நடித்த, 45 வயதை எட்டிக்கொண்டிருந்த ஜுனெய்த் அர்க்கின் கால்களில் பாறையைக் கட்டிக்கொண்டு குதித்துப் பயிற்சி எடுக்கிறார், கல்லைக் கையால் குத்துகிறார், டிராம்போலினில் எகிறி பூதங்களின் தலைக்கு மேல் பாய்கிறார். சிரிப்பு வரும், வரட்டும். ஆனால் அந்த உடம்பின் உழைப்பைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

இதை முதல் படமாகப் பார்ப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இது அந்தத் தொழிலின் கடைசிக் காலத்துப் படம். இஸ்தான்புல்லின் பெயோலு பகுதியில் படக் கம்பெனிகள் குவிந்திருந்த யெஷில்ச்சாம் தெருவின் பெயரே துருக்கிய சினிமாவுக்கும் பெயராகிவிட்டது. அதன் உச்சம் 1960-களும் 70-களின் முதல் பாதியும். 1972-ல் மட்டும் சுமார் 300 படங்கள் வந்தன. பிறகு தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது, பொருளாதாரம் சரிந்தது, 1980-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எல்லாம் வற்றிப்போன பிறகு எடுத்த படத்தை வைத்து மொத்த மரபையும் எடை போடுவது நியாயமில்லை.

சிரிக்க வைக்க எடுத்ததைத் தெரியாமல் நடந்த கூத்து என்று நினைப்பது

என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். ‘துரிஸ்த் ஓமர் உஸாய் யோலுந்தா’ என்ற 1973-ஆம் ஆண்டுப் படத்தை ‘துருக்கிய ஸ்டார் ட்ரெக்’ என்று சொல்லி, ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைக் காப்பியடிக்கத் தெரியாமல் சொதப்பியதாக எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது முழுக்க முழுக்க நகைச்சுவைப் படம். சாத்ரி அலிஷிக் நடித்த ஓமர் என்ற ஊர்சுற்றிப் பாத்திரத்துக்கு 1964-லிருந்தே தனித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வேலைவெட்டி இல்லாதவன், வாய் மட்டும் ஓயாதவன். இயக்குநர் ஹுல்கி சானெர் அவனை ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு வம்பில் மாட்டிவிடுவார். இந்தப் படத்தில் துப்பாக்கி முனையில் அவனுக்குக் கட்டாயக் கல்யாணம் நடக்கவிருக்கிறது. அந்த நேரம் பார்த்து விண்கலத்துக்காரர்கள் அவனை மேலே இழுத்துக்கொள்கிறார்கள். தப்பித்தோம் என்று நினைத்தவன் போய் விழுவது வேற்றுக் கிரகத்தில். அந்தக் கிரகம், எஃபெசுஸ் நகரத்தின் பழைய ரோமானிய இடிபாடுகள்!

படத்தின் உயிர், ஸ்டார் ட்ரெக்கிலிருந்து எடுத்த, உணர்ச்சியே காட்டாத ஸ்போக் பாத்திரத்துக்கும் எதையும் அடக்கத் தெரியாத ஓமருக்கும் நடக்கிற உரசல்தான். தர்க்கத்தை மட்டும் நம்புகிறவன் முன்னால் தெருப் பேச்சுக்காரனை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் இதை எழுதியிருக்கிறார்கள். ஹாலிவுட்டில் ஸ்டார் ட்ரெக் திரைப்படமாக வந்ததே 1979-ல்தான். அதற்கு 6 வருடம் முன்பே இஸ்தான்புல்லில் அதைக் கிண்டலடித்துப் படம் எடுத்தாயிற்று.

சண்டைப் படம் எடுத்தவர்களும் சிரிப்புப் படம் எடுத்தவர்களும் பல நேரம் ஒரே ஆட்கள்தான் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தர்க்கான் படங்களில் ஓநாயோடு திரியும் ஹூண வீரனாக நடித்த கர்த்தால் திபெத், பிறகு இயக்குநராகி 1976-ல் ‘தோசுன் பாஷா’வை எடுத்தார். துருக்கியர்கள் இன்றும் வசனம் சொல்லிச் சிரிக்கும் படம் அது. அதேபோல நாதுக் பாய்த்தான். காரா முராத் என்ற ஒட்டோமான் வீரனைப் பற்றிய பட வரிசையில் ஒற்றை ஆள் ஒரு கோட்டைப் படையையே சாய்க்கும் காட்சிகளை எடுத்தவர் இவர். துருக்கியின் மிகப் பிரியமான நகைச்சுவை நடிகர் கெமால் சுனாலை வைத்து ‘சாகார் ஷாகிர்’ போன்ற படங்களை எடுத்தவரும் இவரே. எந்த இடத்தில் கூட்டம் சிரிக்கும் என்பது இவருக்கா தெரியாது? காரா முராத் ஒரே வீச்சில் ஆறு பேரைச் சாய்க்கும்போது கொட்டகையில் கைதட்டலும் சிரிப்பும் சேர்ந்தே வரும் என்று தெரிந்துதான் எடுத்திருக்கிறார்.

திறமை இல்லாதவர்கள் என்று முடிவு கட்டுவது

ஜுனெய்த் அர்க்கின் மருத்துவம் படித்தவர். நடிக்க வந்த பிறகு இஸ்தான்புல் வந்திருந்த மெத்ரானோ சர்க்கஸ்காரர்களிடம் சாகசம் கற்றுக்கொண்டு, தன் படங்களின் ஆபத்தான காட்சிகளில் தானே இறங்கினார். 1971-ல் வந்த ‘பத்தால் காஸி தெஸ்தானி’யைப் பாருங்கள். குதிரையேற்றமும் பாய்ச்சலும் எல்லாம் அவர்தான். படத்தை இயக்கிய அதிஃப் யில்மாஸ் துருக்கிய சினிமாவின் முன்னணி இயக்குநர்களில் ஒருவர்.

மெத்தின் எர்க்சானை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் பெர்லின் திரைப்பட விழாவின் தங்கக் கரடி விருதை ‘சுசுஸ் யாஸ்’ படத்துக்காக வாங்கியவர். பத்து வருடம் கழித்து ‘எக்சார்சிஸ்ட்’ என்ற அமெரிக்கப் பேய்ப் படத்தைத் துருக்கியச் சூழலுக்கு மாற்றி ‘ஷெய்தான்’ எடுத்தார். கத்தோலிக்கப் பாதிரியார்கள் இருந்த கதையை இஸ்லாமியக் குடும்பத்தின் கதையாக மாற்ற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்ப்பதே ஒரு சுவாரசியம். கானில் தங்கப் பனை விருது வரை போன யில்மாஸ் குனேயும் 60-களில் மளமளவென்று எடுத்த மலிவான துப்பாக்கிப் படங்களில் நடித்து வளர்ந்தவர்தான்.

பண விவகாரம் தெரியாமல் பார்ப்பது

உதடு ஓர் இடத்தில், குரல் ஓர் இடத்தில் போகும். காரணம் எளியது. படப்பிடிப்பில் ஒலிப்பதிவு கிடையாது. எல்லாம் பிறகு டப்பிங்தான். பல நட்சத்திரங்களுக்கு வேறு ஒருவர் குரல் கொடுப்பார். பிலிம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு அந்நியச் செலாவணி வேண்டும். அதனால் முதல் டேக்கிலேயே ஓகே. நடிகர் தடுமாறினாலும் படம் போய்க்கொண்டே இருக்கும்.

பணம் வந்த வழிதான் இதில் ரொம்ப முக்கியம். அதானா, இஸ்மிர், சாம்சுன், அங்காரா என்று பிரதேசவாரியாக விநியோகஸ்தர்கள் இருந்தார்கள். படம் தொடங்கும் முன்பே கடன் பத்திரமாக முன்பணம் கொடுப்பவர்கள் இவர்கள்தான். அதனால் எந்த நட்சத்திரம், எவ்வளவு சண்டை, எவ்வளவு கண்ணீர் என்பதிலெல்லாம் இவர்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. தங்கள் ஊர் கொட்டகையில் எது ஓடும் என்று இவர்களுக்குத் தெரியும். ஒரே படத்தில் சண்டை, அழுகை, நடனம், சிரிப்பு என்று எல்லாம் கலந்து கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

‘திருட்டு’ என்ற ஒரே சொல்லோடு கதவைச் சாத்துவது

இசையை எடுத்தார்கள், பாத்திரங்களை எடுத்தார்கள், அனுமதி கேட்கவில்லை. இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எடுத்ததை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1973-ல் வந்த ‘உச் தேவ் ஆதம்’ படத்தில் ஸ்பைடர்மேன்தான் வில்லன். பச்சையும் சிவப்புமாக உடை, முகமூடிக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் தடித்த புருவம். கள்ள டாலர் அடிக்கும் கும்பலுக்கு அவன் தலைவன். அவனைப் பிடிக்க அமெரிக்காவிலிருந்து கேடயம் இல்லாத கேப்டன் அமெரிக்காவும், மெக்சிகோவிலிருந்து மல்யுத்த வீரன் சாந்தோவும் இஸ்தான்புல்லுக்கு வருகிறார்கள். இந்த மூவரையும் ஒரே கதையில் மோதவிடும் துணிச்சல் அந்தக் காலத்தில் வேறு யாருக்கு வந்தது? உரிமை வாங்கி எடுத்திருந்தால் இப்படி ஒரு கதையை யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள்.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. ‘ஸ்பைடர்மேன் படம்தானே’ என்று குழந்தைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள். ஒரு பெண்ணைக் கழுத்தளவு புதைத்துப் படகு விசிறியால் கொல்வதில்தான் படம் தொடங்குகிறது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் பெண்களைக் காட்டும் விதம் கசப்பானது. வரலாற்றுச் சண்டைப் படங்களில் பைசாந்தியர் என்றாலே கொடியவர். பிடித்த படம் என்பதற்காக இவற்றுக்குச் சமாதானம் சொல்லத் தேவையில்லை.

கிளிப்போடு நிறுத்திக்கொள்வது

‘உலகத்திலேயே மோசமான மரணக் காட்சி’ என்று ஒரு துண்டு பல வருடமாகச் சுற்றுகிறது. ஒரு பெண் சுட்டுக்கொண்டே இருப்பார். ஒருவன் அலறிக்கொண்டே இருப்பான், விழ மாட்டான். ஓர்ஹான் அக்சோய் இயக்கி, ஃபிலிஸ் அக்கின் நடித்த ‘கரத்தேஜி கிஸ்’ படத்திலிருந்து வெட்டியது அது. முழுப் படத்தில் அவர் வாய் பேச முடியாத ஏழைப் பெண். அப்பாவைக் கொன்றவர்களைத் தேடிப் பழிவாங்கப் புறப்படுகிறார். அந்தக் கோபத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அவர் ஏன் சுடுவதை நிறுத்தவில்லை என்று புரியும். அலறல் அப்போதும் அளவுக்கு மீறித்தான் இருக்கும். ஆனால் சுடுகிறவர் முகத்தையும் பார்ப்பீர்கள்.

பிரிண்ட் விஷயமும் உண்டு. பல படங்கள் வீடியோ கேசட் நகலாகத்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன. மங்கலாக, ஓரம் வெட்டுப்பட்டு இருக்கும். அதைப் பார்த்து ஒளிப்பதிவே தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். ‘உலகைக் காப்பாற்றிய மனிதன்’ படத்தின் 35 மி.மீ. பிரிண்ட் 2016-ல் கிடைத்து, ஸ்கேன் செய்யப்பட்டது. பார்ப்பதானால் அதைத் தேடிப் பாருங்கள். கப்பதோக்கியாவின் பாறைகளே வேறு மாதிரி தெரியும்.

கடைசியாக, வரிசை. செம் யில்மாஸின் விண்வெளி நகைச்சுவைப் படமான ‘கோரா’ (2004), பத்தால் காஸி வகைப் படங்களைக் கலாய்க்கும் ‘கஹ்பே பிசான்ஸ்’ (2000) ஆகியவற்றை முதலில் பார்த்துவிட்டு மூலத்துக்குப் போகாதீர்கள். அவை நன்றாகவே இருக்கும், ஆனால் பாதி நகைச்சுவை பழைய படங்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்களுக்கானது. ஓமரில் தொடங்கி, பத்தால் காஸிக்கு வந்து, தர்க்கானின் ‘வைக்கிங் கானி’யில் அந்த ரப்பர் ஆக்டோபஸைப் பார்த்துவிட்டு, அப்புறம் ‘உலகைக் காப்பாற்றிய மனிதன்’. ‘கோரா’ அதற்கும் பிறகு.