பையன் ஃபீல்டுக்கு ஏறும் முன் செய்ய வேண்டியவை: ராணுவ வீரர்களின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவக்காரர் இருக்கும் ஊரில் பெற்றோருக்குக் கவலை பாதி. ஒரு சந்தேகம் என்றால் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருப்பார், அவர் திண்ணையில் போய் உட்கார்ந்தால் போதும். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பையனோ பெண்ணோ படையில் சேர்ந்திருக்கும் வீடுகளில்தான் சிக்கல். அந்த வீடுகளில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, பிள்ளை லீவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்காமல் விட்டவை. அவன் ஃபீல்டுக்கு, அதாவது எல்லைப் பணியிடத்துக்கு ஏறிய பிறகு அதே கேள்விக்குப் பதில் வாங்க ஒரு மாதம் ஆகலாம்.

"காஷ்மீர்ல இருக்கான்" என்பது விலாசம் அல்ல

முதல் தவறு இதுதான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது ஆர்மி நம்பர். அது தெரியாமல் படைவீரர் குடும்பங்களுக்கான அலுவலகமான சைனிக் போர்டுக்குப் போனாலும் ஒன்றும் நகராது. லீவில் வரும்போது ஒரு தாளில் இவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: ஆர்மி நம்பர், ரேங்க், ராணுவப் பதிவேட்டில் உள்ளபடியே பெயர், ரெஜிமென்ட், யூனிட், கம்பெனி (யூனிட்டுக்குள் அவன் இருக்கும் பிரிவு), ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) விலாசம், யூனிட்டின் தொலைபேசி எண், அதே யூனிட்டில் இருக்கும் நம் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேரின் எண்கள். யூனிட் மொத்தமாக ஃபீல்டுக்குப் போயிருந்தால் பின்னால் ஒரு சிறு குழு தங்கியிருக்கும். அதை ரியர் பார்ட்டி என்பார்கள். அங்கே ஒருவர் எண் கிடைத்தால் அது தங்கம். எல்லாவற்றையும் செல்போனில் மட்டும் வைக்காதீர்கள். பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.

பையனின் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் எது என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது வெலிங்டனில் இருக்கிறது. பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக், இயந்திரங்களைப் பராமரிக்கும் ஈ.எம்.இ.க்குச் செகந்திராபாத். யூனிட் எங்கே நகர்ந்தாலும் ரெக்கார்ட் ஆபீஸ் நகராது, அதனால்தான் அந்த விலாசம் முக்கியம்.

கடிதமும் பார்சலும் அனுப்பும்போது நடக்கும் பெரிய பிழை, "குப்வாரா", "சியாச்சின்" என்று ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதுவது. ராணுவத் தபாலுக்கு ஊர்ப் பெயர் தேவையில்லை, எழுதவும் கூடாது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், அடுத்த வரியில் மார்ஃபத் (c/o) 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ., அதற்குக் கீழே 9-ல் தொடங்கும் 6 இலக்கப் பின்கோடு, அவ்வளவுதான். 56 என்றால் டெல்லி வழியாகவும், 99 என்றால் கொல்கத்தா வழியாகவும் பிரித்து அனுப்பப்படும். யூனிட் இடம் மாறினால் ராணுவத் தபால் பிரிவே பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்கும். தனியார் கூரியரில் கொடுத்தால் இந்த விலாசத்துக்குப் போகாது, திரும்பி வரும். அஞ்சலகத்திலேயே கொடுத்து அனுப்புங்கள், விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

பார்சலுக்குள் என்ன வைப்பது? அம்மாக்கள் முதலில் எடுப்பது முறுக்கு டப்பா. அது போய்ச் சேரும்போது பொடியாகத்தான் இருக்கும். ஊறுகாய் பாட்டிலின் மூடி எவ்வளவு இறுக்கினாலும் வழியில் எண்ணெய் கசிந்து மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும். கடலை மிட்டாய், பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சலுக்குப் பதில் புளியோதரைப் பொடி ஆகியவை தாங்கும். பொடியை இரண்டு கவரில் கட்டி, டப்பாவின் காலி இடத்தில் கம்பளிக் காலுறையைத் திணித்துவிடுங்கள். பவர் பேங்க் வைக்காதீர்கள். லித்தியம் பேட்டரி விமானத் தபாலில் ஏறாது.

போன் வரவில்லை என்றால்

தமிழ்நாட்டில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே எடுக்கும். இது தெரியாமல், பையன் ரயிலில் ஜம்முவைத் தொட்டதும் "ஸ்விட்ச் ஆஃப்" என்று வருவதைக் கேட்டு இரவெல்லாம் அழுத வீடுகள் எத்தனையோ. கிளம்பும் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது அங்கே போய்ப் புது சிம் வாங்கியதும் வேறு எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று எதிர்பாருங்கள். சியாச்சின் போன்ற இடத்தில் ஒரு போஸ்ட்டில், அதாவது எல்லைக் காவல் முகாமில், ஏறத்தாழ 3 மாதம் இருப்பார்கள். அங்கே அவர்கள் போனை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது.

கிளம்பும் முன்பே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் பேச்சு இல்லையென்றால் கவலைப்பட வேண்டும், அப்போது யாரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும். வரிசை இப்படி: முதலில் அதே யூனிட்டுப் பையன், பிறகு ரியர் பார்ட்டி அல்லது யூனிட் எண், அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். அதைத்தான் பேச்சில் சைனிக் போர்டு என்கிறோம். பெயரில் "முன்னாள்" என்று இருப்பதைப் பார்த்துப் பணியில் இருப்பவர்களின் குடும்பங்கள் உள்ளேயே போவதில்லை. தேவையற்ற தயக்கம் அது. படையில் பணிபுரிவோரின் குடும்பங்களுக்கும் அந்த அலுவலகம்தான்.

எல்லையில் ஏதாவது நடந்தால் முதலில் கிளம்புவது வாட்ஸ்அப் பட்டியல்கள். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் பழைய வீடியோக்கள் புதியவை போலச் சுற்றியது நினைவிருக்கும். உண்மையான துயரச் செய்தி பார்வர்டில் வராது. யூனிட் வழியாகவோ உள்ளூர் நிர்வாகம் வழியாகவோ வீட்டுக்கு நேராக வரும். "ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். எந்த ரெக்கார்ட் ஆபீஸும் ஓ.டி.பி. கேட்காது.

இன்னொரு பக்கம், நாமே தகவலைக் கொட்டுகிறோம். ராணுவம் 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளைத் தன் வீரர்கள் நீக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிள்ளை நீக்கிவிட்டான். அம்மாவின் ஸ்டேட்டஸில் "இன்று லேயிலிருந்து கிளம்புகிறான், விமானம் இத்தனை மணிக்கு" என்று ஓடுகிறது. கோயில் திருவிழா ஃப்ளெக்ஸில் சீருடைப் படம், பெயர், யூனிட் எண் மூன்றும் பெரிய எழுத்தில் நிற்கின்றன. பெருமை புரிகிறது. படம் போடுங்கள், யூனிட் எண்ணையும் இடத்தையும் விடுங்கள்.

அவசர லீவு கேட்கும்போது

"தந்தி அடித்தால் விடுவார்கள்" என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையிலேயே நின்றுவிட்டது. இப்போது வேண்டியது சரிபார்க்கக்கூடிய காகிதம். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தால், மருத்துவமனையின் தலைப்புத் தாளில் நோயாளி பெயர், என்ன நோய், சேர்த்த தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்கும்படி வாங்கிப் படம் எடுத்துப் பையனுக்கும் யூனிட்டுக்கும் அனுப்புங்கள். உண்மைதானா என்று யூனிட் விசாரிக்கும்போது இந்தத் தாளே பேசும்.

வழக்கமான ஜவானுக்கு ஆண்டில் 60 நாள் வருடாந்திர லீவும் 30 நாள் கேசுவல் லீவும் உண்டு. 4 ஆண்டுப் பணிக்கு மட்டும் சேர்ந்திருக்கும் அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள்தான், அதோடு மருத்துவ ஆலோசனைப்படி நோய் விடுப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாமன் வீட்டுக் காதுகுத்துக்கும் வளைகாப்புக்கும் வரச் சொல்லி நாளைக் கரைத்துவிட்டால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் கையில் லீவு இருக்காது. சும்மா பார்க்கும் ஆசையில் "அப்பாவுக்கு சீரியஸ்" என்று ஒரு முறை பொய் சொல்லி வரவழைத்தால் அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் கம்பெனியில் நம்பமாட்டார்கள். அதன் விலையைக் கொடுப்பது நீங்கள் அல்ல, அவன்.

லீவு கிடைத்த உடனே வந்துவிடவும் முடியாது. மேலே இருக்கும் போஸ்ட்டிலிருந்து இறங்குவதற்கே பனியையும் வானிலையையும் பொறுத்துச் சில நாள் ஆகும். சொல்லக் கசப்புத்தான், ஆனாலும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது: யாராவது இறந்தால், பிள்ளை வரும்வரை உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருப்பதா, அல்லது தம்பியோ பங்காளியோ கொள்ளி வைப்பதா. துக்க வீட்டில் நின்று இதைச் சண்டையாக்கக் கூடாது.

பெயரில் ஒரு எழுத்து

பெற்றோருக்கு ராணுவ மருத்துவமனைச் சிகிச்சை கிடைக்க, அவர்கள் பிள்ளையைச் சார்ந்திருப்பவர்கள் என்று பார்ட் டூ ஆர்டர் எனும் யூனிட்டின் பதிவு ஆணையில் பதிவாகி, டிபெண்டன்ட் கார்டு கையில் இருக்க வேண்டும். தானாக நடக்காது. பையன் விண்ணப்பிக்க வேண்டும், வருமான வரம்பு உண்டு, வருமானச் சான்று கேட்பார்கள்.

இங்கேதான் நம் ஊர்ப் பெயர் முறை காலை வாருகிறது. அப்பா பெயர் மு. கருப்பசாமி என்று வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டில் கருப்பசாமி மட்டும், ஆதாரில் கருப்பசாமி முத்தையா, பையனின் பள்ளிச் சான்றிதழில் கருப்புசாமி, ராணுவத்தில் சேர்ந்த அன்று வடக்கத்தி கிளார்க் எழுதியது "கருபசாமி". நான்கும் ஒரே மனிதர் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிறந்த தேதியும் இப்படித்தான்: ஆதார் எடுத்தபோது குத்துமதிப்பாகச் சொன்ன ஜனவரி 1 ஒரு பக்கம், வேறொரு தாளில் வேறு ஆண்டு.

திருத்துவதிலும் ஒரு தவறு நடக்கிறது. அவசரத்தில் ஓடிப்போய் ஆதாரை மாற்றிவிடுகிறார்கள். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான். முதலில் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி, எது அதிகம் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ராணுவப் பதிவில் எப்படி இருக்கிறது என்று பையனிடம் எழுத்து எழுத்தாகக் கேளுங்கள். அந்தப் பக்கம் திருத்துவது எளிதா, இந்தப் பக்கமா என்று முடிவெடுத்த பிறகு ஒரே முறையில் மாற்றுங்கள். அப்பாவோடு அம்மாவுக்கும் சேர்த்தே செய்யுங்கள். அம்மா பெயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பணியில் இருப்பவரின் பெற்றோர் இ.சி.ஹெச்.எஸ். பாலிகிளினிக்குக்குப் போய் நிற்பதும் வழக்கமான அலைச்சல். அது ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் உரியது. உங்களுக்கானது ராணுவ மருத்துவமனை, சென்னையிலும் வெலிங்டனிலும் இருக்கிறது. நெஞ்சுவலி போன்ற அவசரத்துக்கு முதலில் பக்கத்து மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். ஓடிய அன்றே பையனுக்கும் அருகிலுள்ள ராணுவ மருத்துவமனைக்கும் தகவல் கொடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு பில்லோடு போனால் "ஏன் சொல்லவில்லை" என்ற கேள்வியிலேயே நின்றுவிடும்.

என்.ஓ.கே.யும் நாமினியும் ஒன்றல்ல

சேரும்போது பெற்றோர்தான் என்.ஓ.கே., அதாவது ஏதாவது நேர்ந்தால் முதலில் அறிவிக்கப்பட வேண்டிய நெருங்கிய உறவு. திருமணமானதும் அந்த இடம் மனைவிக்குப் போகிறது. இதைக் கேள்விப்பட்டதும் மருமகள் மேல் கோபப்படுகிறார்கள். அது அவள் செய்ததல்ல, விதி. குடும்ப ஓய்வூதியத்தில் மனைவிக்கே முதல் இடம். ஆர்மி குரூப் இன்சூரன்ஸ், சேமநல நிதி, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நாமினி தனி விஷயம். அதில் பெற்றோருக்கும் பங்கு எழுதலாம், எழுத வேண்டியவன் பிள்ளை. திருமணமான புதிதில், எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது, மருமகளையும் உட்கார வைத்து இதைப் பேசிவிடுவதே மேல். அவளுக்குத் தெரியாமல் மகனிடம் தனியாகக் கேட்டால் அது ஃபீல்டு வரைக்கும் போய் அவனைக் குடையும்.

அக்னிவீரரின் பெற்றோர் கணக்கு வேறு. முதல் ஆண்டு மாதம் 30,000 என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதிக்குப் போகும். 4 ஆண்டு முடிவில் அரசின் பங்கும் வட்டியும் சேர்த்து ஏறத்தாழ 11.71 லட்சம். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவது அதிகபட்சம் 25 சதவீதம். பணிக்காலத்தில் 48 லட்சம் காப்பீடு உண்டு, அதற்குச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை. "மிலிட்டரி வேலை" என்ற நம்பிக்கையில் 15 ஆண்டு வீட்டுக் கடன் எடுப்பது இந்த எண்களைப் பார்க்காமல் செய்யும் காரியம்.

வரப்புத் தகராறு

பையன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பங்காளி கேஸ் போடுவது புதிதல்ல. சம்மன் வந்ததும் "அவன் வந்து பார்த்துக்கொள்வான்" என்று மடித்து வைப்பது மோசமான தவறு. எதிர்த்தரப்பு மட்டும் ஆஜராகி ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கிவிடும்.

இதற்கென்றே 1925-ல் வந்த இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. போர் அல்லது சிறப்புச் சூழலில் பணிபுரியும் வீரர் வழக்கில் ஆஜராக முடியாத நிலையில், மாவட்ட ஆட்சியர் சான்று கொடுத்தால் நீதிமன்றம் விசாரணையை நிறுத்தி வைக்கும். தீர்ப்பே ஆகியிருந்தாலும் அதை நீக்கக் கோர வழி உண்டு. லீவில் வரும்போது பயன்படுவது ராணுவச் சட்டம் 1950-ன் 32-வது பிரிவு. லீவுச் சான்றை நீதிமன்றத்தில் கொடுத்தால், இயன்றவரை அந்த லீவு நாள்களுக்குள் வழக்கைக் கேட்டு முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். பல வக்கீல்களுக்கே இது சட்டென்று நினைவுக்கு வராது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நிலம் சம்பந்தமாக உங்களுக்குப் பவர் எழுதித் தர வேண்டுமென்றால் அதையும் லீவிலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.

ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கும் படையில் பணிபுரிவோர் குடும்பங்களுக்கும் தனியாகக் குறைதீர்க்கும் நாள் நடக்கும். மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். ஒரே மகனையோ, ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளையோ படைக்கு அனுப்பிய பெற்றோருக்குத் தமிழ்நாடு அரசின் போர்ப்பணி ஊக்க மானியம் இருக்கிறது. பையனின் யூனிட்டிலிருந்து பணிச்சான்று வாங்கி, அதே நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கேட்காதவர் வீடு தேடி வராது.

பேசும்போது

அழைப்பு வந்ததும் "எப்பப்பா வருவே" என்று ஆரம்பிப்பது அன்புதான். ஆனால் அதற்கு அவனிடம் பதில் இல்லை. மாமியார் மருமகள் சண்டையை இரண்டு பேரும் தனித்தனியாக அவனிடம் முறையிடுவது அதைவிடப் பாரம். துப்பாக்கியோடு இரவுக் காவலுக்குப் போகிறவன் அதைச் சுமந்துகொண்டு போகிறான். அதே நேரம், அப்பாவுக்கு நடந்த ஆபரேஷனை முழுக்க மறைப்பதும் தப்பு. ஏதோ ஒரு சித்தப்பா மகன் மூலம் தெரிந்துவிட்டால் அதன்பிறகு "நல்லா இருக்கோம்" என்று நீங்கள் சொல்வதை அவன் நம்பமாட்டான். நடந்ததைச் சொல்லுங்கள், இப்போது எப்படி இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

உங்களுக்கே தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்ற நிலை நீண்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். படையினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் இதன் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது.

மேலே இருந்து வரும் அழைப்பு எந்த நொடியிலும் அறும். அதனால் கேட்க வேண்டிய காகிதம், சொல்ல வேண்டிய தேதி எதுவாக இருந்தாலும் போன் பக்கத்தில் ஒரு சீட்டில் குறித்து வைத்து, முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுங்கள். சாப்பிட்டாயா என்பதை அப்புறம் கேட்கலாம்.