முந்நூறு ரூபாயில் குற்றாலம்: தொண்டர் தோழர்களோடு ஒரு சனி, ஞாயிறு

2017 முதல் 2019 வரை, மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திராவின் தேசிய இளையோர் தொண்டராக இருந்தேன். அப்போது மாத மதிப்பூதியம் 5,000 ரூபாய். ஒன்றியத்துக்கு இரண்டு பேர். அன்று தென்காசியும் சேர்ந்திருந்த திருநெல்வேலி மாவட்டத்தில் 19 ஒன்றியங்கள். பயிற்சி முகாமில் ஒரே குழாயடியில் வரிசையில் நின்று தட்டுக் கழுவிய நாங்கள், முகாம் முடிந்த மறுநாளே ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டோம். எங்களுக்குள் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மானூர், களக்காடு, ராதாபுரம் என்று ஒன்றியம்தான் பெயர். நான் பாப்பாக்குடி.

ஒரு கிராமத்தில் இளைஞர் மன்றம் தொடங்க நாலு முறை போய், நாலு முறையும் பூட்டிய நூலகத்தின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால், அதை யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் "வேறு வேலை பார்" என்பார்கள். அதே திண்ணையில் உட்கார்ந்தவரிடம்தான் சொல்ல முடியும். அதற்காகவே இந்தப் பயணம். இப்போது தொண்டராக இருக்கும் தம்பி, தங்கைகள் எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் நாள். குற்றாலத்துக்குச் சாரல் காலம்தான் அழகு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஆனால் ஜூன் 21 யோகா தினம், ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். இரண்டையும் ஒட்டிய வாரங்களில் நமக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஜூலையின் நடுவே ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். ஆடி அமாவாசையை மட்டும் தள்ளிவையுங்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கும் அருவிகளுக்கும் போகும் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது.

அடுத்தது பணம். எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது இதில்தான். எங்கள் முதல் இரண்டு பயணங்களுக்கும் ராதாபுரம் வரவில்லை. "வீட்டில் வேலை இருக்கிறது" என்றாள். நாங்களும் நம்பினோம். பிறகுதான் புரிந்தது: தலைக்கு 700 ரூபாய் என்று நாங்களே முடிவு செய்துவிட்டு அவளிடம் "வருகிறாயா?" என்று கேட்டிருக்கிறோம். அப்படிக் கேட்டால் அவள் வேறு என்ன சொல்வாள்? மூன்றாவது முறை களக்காடு ஒரு வழி சொன்னார். மாதாந்திரக் கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. தன்னால் எவ்வளவு முடியும் என்று பெயர் போடாமல் எழுதி மடித்து, ஒரு காலி டிபன் டப்பாவில் போட வேண்டும். டப்பாவைக் குலுக்கிப் பிரித்தோம். 1,000, 600, 500, 500... ஒரு சீட்டில் 300. பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருந்தது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அந்த 300தான் பயணத்தின் கணக்கு என்று களக்காடு நோட்டில் எழுதிவிட்டார். கூடுதலாக வைத்திருப்பவர் மற்றவருக்காகக் கொடுக்கிறேன் என்று கிளம்பக் கூடாது. பயணத்தைத்தான் சுருக்க வேண்டும்.

அந்த முறை நாங்கள் ஒன்பது பேர். மொத்தம் 2,700 ரூபாய். சீசனில், அதுவும் சனிக்கிழமை, குற்றாலத்தில் அறை வாடகை நமக்குக் கட்டாது. ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் தங்குங்கள். உள்ளூர்த் தொண்டரை விட்டு முன்கூட்டியே பேச வையுங்கள். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று என இரண்டு பெரிய அறைகள் எங்களுக்கு 1,400 ரூபாய்க்குக் கிடைத்தன. அடையாள அட்டையின் நகல் எல்லாரிடமும் இருக்கட்டும். இப்போது சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த மிச்சத்தையும் பொதுக் கணக்கிலேயே சேருங்கள்.

பெண் தொண்டர்களின் வீட்டு அனுமதியைத் தொலைபேசியில் வாங்க நினைக்காதீர்கள். மானூர் வீட்டுக்கு நானும் ராதாபுரமும் நேரில் போனோம். எந்த ரயில், எந்த விடுதி, யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி அவள் அப்பாவிடம் கொடுத்தோம். அவர் இரண்டு முறை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "காபி குடித்துவிட்டுப் போங்கள் அம்மா" என்றார். ஏழு மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்தால் ஏழு மணிக்கு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அடுத்த பயணத்துக்கான அனுமதி அதில்தான் இருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் ஏறுங்கள். இடப்பக்க ஜன்னல், மலை உங்களுடனேயே வரும். கல்லிடைக்குறிச்சி தாண்டித் தாமிரபரணிப் பாலம் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மதியத்துக்குப் புளியோதரையும் பொடி தடவிய இட்லியும் வீட்டிலிருந்தே வரட்டும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், ஊசிப்போகும்.

மாலையில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே அடிக்கும் காற்றுக்குக் காசு இல்லை. அருவிக்கு ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கே போய்விடுங்கள். பேரருவியில் பெண்கள் பக்கம் அப்போதுதான் நெரிசல் இல்லாமல் இருக்கும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கொண்டுபோகக் கூடாது. காவலர் விசில் அடித்தால் "இன்னும் ஒரே ஒரு நிமிடம்" என்று நிற்காதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றது. மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. குளிக்கும் முன்பும் பின்பும் தலைகளை எண்ணுங்கள்.

சனிக்கிழமை இரவுக்கு எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள். அறிமுகம், விளையாட்டு, உறுதிமொழி எல்லாம் முகாமிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று. நாங்கள் விடுதி மொட்டை மாடியில் ஈரக்காற்றில் உட்கார்ந்திருந்தோம். மானூர்தான் முதலில் பேசினாள். இருபது நாள் அலைந்து ஏற்பாடு செய்த ரத்ததான முகாமுக்கு ஏழு பேர் வந்தார்கள் என்றாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. "எனக்கு நான்கு பேர்" என்றார் களக்காடு. பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்து இரவு ஒரு மணியாகிவிட்டது.

செங்கோட்டை அருகே பெயர் பெற்ற பிரானூர் பார்டர் பரோட்டா அந்த முறை கணக்கில் இடம்பெறவில்லை. பழக்கடையில் ரம்புட்டான் மட்டும் அரைக் கிலோ வாங்கி ஒன்பது பேரும் பங்கிட்டோம்.

கணக்கை ரயிலிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போன பிறகு முடியாது. ஒருவர் எழுத, இன்னொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். எங்களுக்கு மிச்சம் 54 ரூபாய். தலைக்கு ஆறு ரூபாயை ஜங்ஷன் நடைமேடையில் வைத்துக் களக்காடு எண்ணிக் கொடுத்தார். ராதாபுரம் தன் ஆறு ரூபாயை வாங்கி, ஒரு முறை எண்ணிப் பார்த்து, அவர் கையிலேயே திரும்ப வைத்தாள். "ஜனவரியில் கூந்தன்குளம், பறவை பார்க்க. இது என் முன்பணம்" என்றாள்.